அச்சில் நடந்தவர்கள்

நம் சித்திரங்களில் மனிதர்கள் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், சாய்ந்து படுத்திருக்கிறார்கள். நடப்பது அபூர்வம். கோயில் சுவரிலிருந்து சிவகாசி காலண்டர்வரை பெரும்பாலும் இதுதான் நிலை. தெய்வங்களுக்கு வாகனம் உண்டு. அரசர்களுக்குப் பல்லக்கு உண்டு. பல்லக்கைத் தூக்கியவர்கள் நடந்திருக்கிறார்கள்; ஆனால் அவர்கள் சித்திரத்தின் ஓரத்தில், பல்லக்கின் ஒரு பாகம்போலத்தான் வந்திருக்கிறார்கள். இதை ஒரு புகாராகச் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு முன்னுரையாகச் சொல்கிறேன்.

கேள்வி எந்தக் கண்காட்சிக் கூடத்திலும் தோன்றியதல்ல. ஒரகடம் கூட்டுரோட்டில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், டீக்கடை வாசலில் நின்றிருந்தபோது தோன்றியது. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. இறங்கியவர்கள் நடக்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, காதில் செல்போன், கையில் பால் பாக்கெட்டோ நாலு வாழைப்பழமோ. தென்மாவட்டத்துப் பையனும் ஒடிஸாவிலிருந்து வந்தவனும் ஒரே சீருடையில் இருக்கிறார்கள். ஆனால் நடை வேறு. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று வேலை செய்தவன் நடக்கத் தொடங்கும்போது முதல் பத்தடிக்குக் கால்கள் அவனுடையவையாக இருப்பதில்லை. பிறகுதான் அவனுடைய சொந்த நடை மெல்லத் திரும்பி வருகிறது. அது திரும்பி வரும் அந்தக் கணத்தை யாராவது வரைந்திருக்கிறார்களா?

குறிப்பாக அச்சுச் சித்திரத்தில்: மரத்திலோ லினோலியத்திலோ செம்புத் தகட்டிலோ செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கும் கலையில். அச்சுச் சித்திரம் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. ஓவியம் ஒன்றே ஒன்று; ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய்விட்டால் மற்றவர்களுக்கு இல்லை. அச்சுச் சித்திரம் பிறக்கும்போதே பல. பலர் கைக்குப் போவதுதான் அதன் சுபாவம். சாமானியர்களைப் பற்றிப் பேசச் சுபாவத்திலேயே தகுதி பெற்ற கலை இது என்றால், நடக்கும் சாமானியனை அது எப்போதெல்லாம் பார்த்திருக்கிறது, எப்போதெல்லாம் பார்க்கவில்லை?

*

இந்தியத் தெருவின் மனிதர்களை அச்சுக்குக் கொண்டுவந்த ஆரம்பகால முயற்சிகளில் பெரியது ஓர் அன்னியருடையது. ஆன்ட்வெர்ப்பைச் சேர்ந்த பால்தஸார் ஸால்வின்ஸ் 1791ல் கல்கத்தா வந்தார். 1799ல் இருநூற்றைம்பது எச்சிங்குகள் கொண்ட தொகுப்பை அங்கேயே வெளியிட்டார். பலவகை ஜாதியினர், தொழில் செய்பவர்கள், வேலைக்காரர்கள், சந்நியாசிகள், வண்டிகள், படகுகள் என்று ஒரு நகரத்தையே வகை பிரித்துத் தகட்டில் இறக்கினார். வியாபாரத்தில் அது தோல்வி. லண்டனில் எட்வர்ட் ஓர்ம் என்ற பதிப்பாளர் அவற்றில் அறுபதைத் திருடி, வண்ணத்தை இனிமையாக்கி 1804-5ல் போட்ட புத்தகம் விற்றது. ஸால்வின்ஸின் மங்கலான, சற்று வருத்தம் தோய்ந்த மனிதர்களை யாரும் விரும்பவில்லை. அலங்கரிக்கப்பட்ட அதே மனிதர்களை விரும்பினார்கள்.

ஆனால் ஸால்வின்ஸிடமும் மனிதன் ஒரு வகையின் மாதிரி. பெரும்பாலும் ஒற்றை ஆளாக, முன்னால், பார்ப்பவருக்காக நிறுத்தப்பட்டிருக்கிறான். நம் பக்கத்தில் அதே காலத்தையொட்டித் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி துரைமார்களுக்காக வரைந்த ஜாதித் தம்பதிகளும் இப்படியே. கணவனும் மனைவியும், கையில் தொழில் கருவி. திருச்சியில் அதையே அப்ரகத் தகட்டில் தீட்டினார்கள். இந்த மனிதர்கள் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகப்போவதில்லை. நடந்தால் ஒருவன் வகையிலிருந்து விலகித் தானாகிவிடுவான். மாதிரிப் பட்டியலுக்கு அது உதவாது.

இதற்குச் சுமார் முப்பது வருஷம் கழித்து, 1833-34ல், ஜப்பானில் ஹிரோஷிகே டோக்காய்டோ நெடுஞ்சாலையை மரச்செதுக்கில் போட்டார். எடோவிலிருந்து கியோட்டோவரை சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். வழியில் ஐம்பத்துமூன்று தங்குமிடங்கள். அந்தச் சாலையில் போகிறவர்கள்தான் அந்தத் தொகுப்பு. ஷோனோ என்ற இடத்துப் படத்தில் திடீர் மழை. மூங்கில் காடு காற்றில் ஒருபக்கமாகச் சாய்கிறது. பல்லக்குத் தூக்குகிறவர்கள் மேட்டில் ஏறுகிறார்கள். குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஒருவன் சரிவில் இறங்கி ஓடுகிறான். யாருக்கும் முகம் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் ஒவ்வொருவனுடைய அவசரமும் தனித்தனி. இங்கே பல்லக்குத் தூக்கி, பல்லக்கின் பாகம் அல்ல. அவன்மேலும் மழை பெய்கிறது. இந்தத் தாள்கள் மலிவு விலையில் விற்றவை. சாலையில் நடந்தவர்களே வாங்கிக்கொண்டு போயிருக்கக்கூடியவை.

ஒரு நெடுஞ்சாலை, அதில் சாமானியர்கள், அவர்கள் கைக்கெட்டும் அச்சு. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தது அங்கே நடந்தது. நம்மிடம் சேரவில்லை. அச்சகமும் செதுக்கத் தெரிந்த கைகளும் நம்மிடம் இருந்தன. சாலையில் போகிறவன் பார்க்கத்தக்கவன் என்ற எண்ணம்தான் இல்லை.

*

நம் அச்சுச் சித்திரத்தில் ஒரு மனிதன் உண்மையாகவே நடந்தது 1930ல். நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கிய ‘பாபுஜி’. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளில் காந்தி, கையில் தடி, சற்று முன்சாய்ந்த உடம்பு. இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் இருக்க முடியாது. பாடப் புத்தகம்வரை வந்துவிட்டது. கோடுகள் அவ்வளவு குறைவு. ஆனாலும் அடுத்த அடி விழப்போகிறது என்பது தெரிகிறது. நடையை நடையாகவே பிடித்த படம் அது.

அந்தப் படத்தில் இல்லாததையும் பார்க்க வேண்டும். 1930 மார்ச் 12 அன்று காந்தியுடன் ஸபர்மதியிலிருந்து புறப்பட்டவர்கள் 78 பேர். போகப்போக வழியில் சேர்ந்தவர்களுக்குக் கணக்கில்லை. நந்தலாலின் தகட்டில் ஒருவர்தான் நடக்கிறார். மற்றவர்கள் அந்தக் கறுப்பில் இருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அதே ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஏறக்குறைய நூறு தொண்டர்கள் நடந்தார்கள். ஏப்ரல் 13ல் கிளம்பி மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அந்த நடைக்கு ஒரு நந்தலால் வாய்க்கவில்லை. நந்தலால் மாபெரும் கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நடப்பவன் அச்சில் ஏற வேண்டுமென்றால் அவன் மகாத்மாவாக இருக்க வேண்டும் என்ற ஒரு விதி, அவர் எண்ணாமலேயே, அந்தப் படத்தோடு வந்து சேர்ந்துகொண்டது.

அடுத்தது பஞ்சம். 1943ல் வங்காளக் கிராமங்களிலிருந்து கல்கத்தாவை நோக்கி நடந்தவர்கள். முப்பது லட்சம் பேர்வரை இறந்ததாக மதிப்பிடப்பட்ட பஞ்சம் அது. ஜைனுல் ஆபிதீன் கல்கத்தா நடைபாதைகளில் கண்டதை மலிவான பொட்டலத் தாளில் சீன மையால் வரைந்தார். சித்தப்ரஸாத் 1943 நவம்பரில் மிட்னாபூர் ஜில்லாவில் சுற்றித் தான் பார்த்ததை எழுதியும் வரைந்தும் ‘பசித்த வங்கம்’ என்ற சிறு புத்தகமாக்கினார். ஐயாயிரம் பிரதி. அரசாங்கம் கைப்பற்றி எரித்தது. குடும்பத்தில் தப்பித்திருந்த ஒரு பிரதியிலிருந்துதான் பிற்காலத்தில் அதை மறுபடி அச்சிட முடிந்தது. பலவாகப் பிறந்த ஒன்றை ஒன்றாகக் குறைக்க அரசாங்கத்தால் முடிந்தது. ஒன்றுமில்லாமல் ஆக்க முடியவில்லை. அச்சுக் கலைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இந்தக் கோட்டின் பரம்பரையையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் 1893க்கும் 1897க்கும் இடையில் நெசவாளர் கலகத்தை ஆறு தாள்களாகச் செய்தார். அதில் ஒரு எச்சிங் நெசவாளர்களின் ஊர்வலம். முதுகில் தூங்கும் குழந்தையைச் சுமந்துகொண்டு ஒரு பெண் நடக்கிறாள். புரட்சிக்குப் போகும்போதும் குழந்தைக்குத் தூக்கம் வரும் என்பது கோல்விட்ஸுக்குத் தெரிந்திருந்தது. 1936ல் லூ ஷுன் அவருடைய படங்களை ஷாங்காயில் தொகுத்து வெளியிட்டார். அதற்குமுன் 1931லேயே இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியிருந்தார். அங்கிருந்து எழுந்த சீன மரச்செதுக்குகள் இங்கே கம்யூனிஸ்ட் வட்டாரங்கள் வழியாக வந்து சேர்ந்தன. ஸோம்நாத் ஹோர் 1946ல் தேபாகா விவசாயிகளோடு இருந்து கிறுக்கிய குறிப்புகளும் பிறகு செய்த மரச்செதுக்குகளும் இந்த வழியில் வந்தவை. 1970களில் அவர் ‘காயங்கள்’ என்ற வரிசையைச் செய்தபோது மனித உருவமே போய்விட்டது. வெள்ளைத் தாள் கூழில் வெட்டும் கிழிசலும் மட்டும். நடந்தவன் மறைந்து அவன் பட்டது மட்டும் மிஞ்சுகிறது. ஒரு கலைஞனின் நேர்மையான முடிவு அது. ஆனால் நம் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. பசித்தவனாகவோ அடிபட்டவனாகவோ இருந்தால்தான் சாமானியன் அச்சில் நடக்க முடியும் என்பது இரண்டாவது விதியாகிவிட்டது.

*

மூன்றாவது விதி ஊர்வலம். இதற்கு நம் ஊரோடு தொட்டுக்கொள்ளும் ஓர் உதாரணம் இருக்கிறது. கிருஷ்ண ரெட்டி. சித்தூர் ஜில்லாவில் 1925ல் பிறந்தவர். சாந்திநிகேதனத்தில் நந்தலாலிடம் படித்தார். பஞ்ச காலத்தில் அங்கேதான் மாணவர். 1947 முதல் இரண்டு வருஷம் சென்னையில் கலாக்ஷேத்ராவின் ஓவியப் பிரிவைக் கவனித்தார். பிறகு லண்டன், பாரிஸ். பாரிஸில் ஹேய்டரின் ‘அட்டலியே 17’ பட்டறையில் அவர் வளர்த்தெடுத்த முறை உலகத்து அச்சுக் கலைஞர்கள் கற்றுக்கொண்ட ஒன்று. ஒரே தகட்டை வெவ்வேறு ஆழத்தில் செதுக்குவது. எண்ணெய் கூடிய மையும் குறைந்த மையும் ஒன்றை ஒன்று ஒதுக்கும் குணத்தைப் பயன்படுத்துவது. கெட்டி உருளையாலும் மெத்தென்ற உருளையாலும் மை ஏற்றி, பல வண்ணங்களை ஒரே ஒற்றலில் எடுப்பது. பல வண்ணத்துக்குப் பல தகடு என்ற நிர்ப்பந்தம் போயிற்று. வண்ணங்கள் ஒரே தகட்டில், வேறுவேறு ஆழத்தில், கலக்காமல் சேர்ந்திருந்தன.

இந்த முறையில் அவர் 1968ல் செய்த ஒரு படத்துக்கு ‘ஆர்ப்பாட்டக்காரர்கள்’ என்று பெயர். அந்த மே மாதம் பாரிஸ் தெருக்களில் இறங்கிய மாணவர்கள்தான் விஷயம். தனித்தனி ஆட்கள் என்று எண்ண முடியாதபடி உருவங்கள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கின்றன. ஆனால் ஒன்றில் ஒன்று கரைந்துவிடவும் இல்லை. அவர் கண்ட தொழில்நுட்பமும் அவர் எடுத்துக்கொண்ட விஷயமும் இங்கே வேறுவேறல்ல. கூட்டத்தை ஒரே நிறமாக்காமல் கூட்டமாகக் காட்டுவது எப்படி என்ற பிரச்சினைக்கு அந்தத் தகடே பதில். நந்தலாலின் கறுப்பில் மறைந்திருந்த 78 பேர் அவருடைய மாணவரின் தகட்டில் வெளியே வந்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. வந்தது பாரிஸில், முப்பத்தெட்டு வருஷம் கழித்து. ஆனால் இவர்களும் ஒரு விசேஷ நாளின் மனிதர்கள். மறுநாள் காலை அதே தெருவில் ரொட்டி வாங்கப் போனபோது அவர்கள் படத்துக்கு உரியவர்களாக இல்லை.

சென்னைக்கு வருவோம். டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850ல் தொடங்கிய கலைப்பள்ளி இந்தியாவிலேயே மூத்தவற்றில் ஒன்று. அதன் முதல்வராக இருந்த தேவிபிரஸாத் ராய் சௌதுரியின் இரண்டு சிலைகள் 1959ல் மெரினாவுக்கு வந்தன. காந்தி சிலை, உழைப்பாளர் சிலை. ஒரே கடற்கரை, ஒரே கைகள். காந்தி நடக்கிறார். நான்கு தொழிலாளிகள் பாறையை நெம்புகிறார்கள். அவர்கள் நடக்கவில்லை, நடந்தால் வேலை யார் செய்வது? ராய் சௌதுரியைக் குறை சொல்லவில்லை. நம் மனத்தில் இருக்கும் ஏற்பாட்டை அவர் வெண்கலத்தில் வார்த்துவிட்டார், அவ்வளவுதான். வேலை முடிந்து அந்த நான்கு பேரும் வீட்டுக்குப் போகும் சிலையை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பணிக்கர் காலத்தில் சென்னை ஓவியம் கோட்டுக்கும் குறியீட்டுக்கும் எழுத்துருவுக்கும் திரும்பியது. 1966ல் சோழமண்டலம் வந்தது. பெற்றது பெரிது. தனக்கென்று ஒரு பார்வை, பம்பாயையும் கல்கத்தாவையும் பார்த்துப் போட்டதல்லாத ஒரு கோடு. ஆனால் தெரு கைவிட்டுப்போயிற்று. ஆதிமூலம் 1969ல் காந்தியைக் கறுப்பு வெள்ளையில் நூறு விதமாக வரைந்தபோதும் நடந்தவர் மறுபடி காந்திதான்.

இதில் நமக்கும் பங்குண்டு. நம் சிறுபத்திரிகைகள்தான் இந்த ஓவியர்களின் கோட்டுச் சித்திரங்களைத் துத்தநாக பிளாக்காக்கி, டிரெடில் மெஷினில் முந்நூறு பிரதி, ஐந்நூறு பிரதி என்று அடித்தன. தமிழனுக்குக் கிடைத்த நவீன அச்சுச் சித்திரம் அந்த அட்டைகளே. அந்தப் பக்கங்களுக்குள் மனிதன் நகரத்தில் நடந்துகொண்டுதான் இருந்தான். ‘எழுத்து’வில் வந்த சி. மணியின் ‘நரகம்’ சென்னைத் தெருக்களில் ஒருவன் அலைந்ததைப் பற்றிய நெடுங்கவிதை. அவரும் நண்பர்களும் 1968ல் சேலத்திலிருந்து கொண்டுவந்த பத்திரிகைக்குப் பெயரே ‘நடை’. உரைக்கும் காலுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் பாஷை நம்முடையது. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். உள்ளே இருந்த எழுத்தும் அதைச் சுமந்தவரும் நடந்தார்கள். அட்டை மட்டும் அசையவில்லை. எழுத்தாளனும் ஓவியனும் ஒரே பத்திரிகையில் இருந்தும் ஒரே தெருவில் இருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி?

*

மறுபடி நெடுஞ்சாலை. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரார்த்தம் கேட்க ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்பது ஐதீகம். ஒருவருக்கு மட்டும் என்று கிடைத்ததைக் கோபுரத்தின்மேல் ஏறி எல்லாருக்கும் சொன்னார் என்பது அதன் முடிவு. ஒன்றைப் பலவாக்குவதில் பாவம் வருமென்றால் வரட்டும் என்ற அந்தத் துணிவு அச்சுக் கலையின் துணிவும்தான். கோயில் நகரத்தைச் சுற்றி இன்றிருப்பது வேறு உலகம். இருங்காட்டுக்கோட்டையில் ஹ்யூண்டாய் 1996ல் கால் ஊன்றி 1998ல் கார் வெளிவந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006ல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. அந்த எட்டு வருஷத்துக்குள் ஒரு தலைமுறைப் பெண்களின் முதல் சம்பளமும் வேலையிழப்பும் அடங்கிவிட்டன. ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிஸ்ஸான், 2013ல் ராயல் என்ஃபீல்டு. இங்கே பிரஸ் ஷாப் என்று ஒரு பகுதி உண்டு. இரும்புத் தகட்டை அச்சுக்கு நடுவில் வைத்து ஒரு அழுத்து, கார்க் கதவு. அடுத்த அழுத்து, இன்னொரு கதவு. அச்சுச் சித்திரக்காரன் செய்வதும் இதே காரியம்தான். ஆனால் அவன் ஐம்பது எடுத்தபின் நிறுத்தி, எண் போட்டு, தகட்டின்மேல் கீறல் போட்டு ரத்து செய்கிறான், மதிப்புக்காக. தொழிற்சாலை நிறுத்துவதில்லை. இடையில் நிற்கிற மனிதனுக்கும் ஓர் எண் இருக்கிறது. அவன் பல பிரதிகளில் ஒன்றா, மூலமா என்று யாரும் கேட்பதில்லை.

இவர்கள் நம் கண்ணில் பட்ட சந்தர்ப்பங்களை எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச் ஊரடங்கில் தேசமெங்கும் தொழிலாளிகள் சொந்த ஊருக்கு நடந்தபோது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் 250க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றபின், இரவில் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது. 2024 செப்டம்பர் 9 தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது. அதில் காஞ்சிபுரத்தில் ஊர்வலம் போக முனைந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் தடுத்துப் பிடித்துவைத்தது. பஞ்சமும் ஊர்வலமும்: அதே இரண்டாவது விதி, அதே மூன்றாவது விதி. எண்பது வருஷத்தில் விதி மாறவில்லை. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தம் வேலையைச் செய்தார்கள். மறுநாள் திரும்பிப் போனார்கள்.

எஞ்சிய நாட்களில் இவர்களைப் பார்ப்பது கேமரா. வாசலில், வரிசையில், விடுதி நடையில். ஒரு வருஷத்தில் இவர்களைப்போல் இத்தனை ஆயிரம் முறை படம் எடுக்கப்பட்ட ஏழைகள் சரித்திரத்தில் இல்லை. ஒரு படமும் இல்லாதவர்களும் இவர்களே. ஸால்வின்ஸின் வகைப்படுத்தும் கண் இன்று உத்தரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அது ஆள் வந்தானா என்று மட்டும் பார்க்கும். எப்படி வந்தான் என்பது அதற்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விடுதிப் பெண்கள் நான்கு நான்கு பேராகக் கடைத்தெருவுக்கு வருகிறார்கள். வாங்குவது ஹேர்பின், சோப்பு, கொஞ்சம் பழம். வாங்குவதைவிட நடப்பதற்காக வருகிறார்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. லாரிகளுக்காகப் போட்ட ரோடு அது. ஓரத்தில் ஒற்றையடி அகலத்தில் மண். அதில் நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது, ஆனாலும் நடக்கிறார்கள். ஒருத்தி பேச்சு சுவாரஸ்யத்தில் பின்னோக்கி நடந்துகொண்டே வந்தாள், மற்ற மூவரைப் பார்த்தபடி. லாரி வந்தபோது மூன்று கைகள் ஒன்றாக நீண்டு அவளை இழுத்தன. பிறகு நால்வரும் சிரித்தார்கள். அவர்கள் பசித்தவர்களாக இல்லை, போராட வரவில்லை, அவர்களில் யாரும் மகாத்மா இல்லை.

ஒரு லினோத் துண்டும் ஒரு செதுக்குளியும் பெரிய செலவில்லை. அச்சு இயந்திரம்கூட வேண்டாம். மை தடவிய பலகைமேல் தாளை விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் விழும். அதைப் போடுவதற்கு இந்த மாதிரிப் பத்திரிகைகளில் அட்டை எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. நம் ஓவிய நண்பர்களில் யாராவது ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரத்துக்கு பஸ் ஏற வேண்டும். இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்கவும் வேண்டும்.